ரிஜெக்ட் சாரின் சாக்பீஸ்

காட்டுப்பாக்கத்தில் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் உள்ள நிலப்பரப்பில், சாக்பீஸால் பெருக்கல் குறி வாங்காத பொருள் ஏதாவது மிச்சமிருந்தால், அது ரிஜெக்ட் சார் கண்ணில் இன்னும் படவில்லை என்று அர்த்தம். எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட் கதவு, குப்பைத்தொட்டி, செயலாளரின் புதுக் கார், என் மனைவி சுட்ட முதல் கேக் எல்லாமே அவரிடம் பெருக்கல் குறி வாங்கியவைதான். கேக்கின் மேல் எழுத முடியாது என்பதால் தட்டின் அடியில் எழுதினார். என் மனைவி அதற்குப் பிறகு கேக் சுடவில்லை. அந்த வகையில் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. வாசலில் பித்தளைப் பலகையில் அதைப் பொறித்தும் வைத்திருந்தார். யாரும் படித்ததில்லை. வாட்ச்மேன் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் ரிஜெக்ட் சார். ஒரு முறை அவரே போனை எடுத்து, "ரிஜெக்ட் பேசறேன், இன்னா வோணும்?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

ஆவடிப் பக்கம் ராணுவத்துக்குத் துணிமணி தைக்கும் ஒரு தொழிற்சாலையில் மழைக்கோட்டுப் பிரிவின் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தைத்து வரும் கோட்டின் கைகளை நுனியில் கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார்களாம். ஒழுகாவிட்டால் சாக்பீஸால் ஒரு டிக். ஒழுகினால் ஒரு பெருக்கல். இவை இரண்டையும்விட முக்கியமாக இன்னொரு விதி உண்டு. எந்தக் குறியும் இல்லாத சரக்கு மேசையைத் தாண்டக் கூடாது. குறி அழிந்துபோனாலும் அது குறி இல்லாத சரக்குதான். மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

பணி ஓய்வு நாளன்று அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் சால்வையின் ஓரத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, மேடையிலேயே பெருக்கல் குறி போட்டாராம். மேசை தொழிற்சாலையிலேயே தங்கிவிட்டது. சாக்பீஸ் மட்டும் சட்டைப் பையில் அவரோடு காட்டுப்பாக்கத்துக்கு வந்துவிட்டது.

அவரிடம் நிரந்தரமாக டிக் வாங்கி வைத்திருந்த ஒரே பொருள் அவருடைய சைக்கிள். கறுப்பு நிறம், டைனமோ, கேரியர், இரண்டு பக்கமும் மட்கார்டு. ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் எடை. தினமும் காலையில் அதைத் துடைத்து, மணியடித்து, பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு, பின் மட்கார்டில் கேரியருக்குக் கீழே புதிதாக ஒரு டிக் போடுவார். அதன் பிறகுதான் பால் வாங்கக் கிளம்புவார். பால் கடை எங்கள் கேட்டுக்கு எதிரே இருந்தது.

நான் தேனிப் பக்கத்திலிருந்து வந்து கணினி நிறுவனத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை வளர்த்தவன். அதைக் குறைக்க மாதத் தவணையில் கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். அதை இறக்கிய அன்றே ரிஜெக்ட் சார் வந்து சுற்றிப் பார்த்தார்.

"மட்கார்டு எங்க நைனா?"

"இந்த மாடலுக்கு மட்கார்டு கிடையாது சார்."

"அப்ப சேறு எங்க பூடும்?"

"முதுகுக்கு."

குறி போட இடம் தேடினார். சைக்கிளின் குழாய்கள் மெல்லியவையாக இருந்ததால் சீட்டின் மேலேயே பெரிதாகப் பெருக்கல் போட்டுவிட்டார். அதைக் கவனிக்காமல் ஏறி ஆபீஸ் போனேன். அன்று முழுக்க என் பின்னால் நடந்து வந்தவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பது வீட்டுக்கு வந்து பேன்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது.

இப்படி ஊரையெல்லாம் ரிஜெக்ட் செய்துகொண்டிருந்தவருக்கே ஒரு நாள் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. நடத்தியது அவருடைய மகள் கவிதா. அந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். கவிதா ஒரு வங்கியின் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தார். நான் சொல்ல வருவது புரியும். புலிக்குப் பிறந்ததைப் பூனையாக்க முடியாது என்பதைப் போல எதையோ சொல்லலாம், ஆனால் கவிதாவின் முன்னால் புலியே கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும்.

விஷயம் இதுதான். பூந்தமல்லி சாலையில் ஒரு தண்ணீர் லாரியின் குழாய் ஒழுகிக்கொண்டே போயிருக்கிறது. ரிஜெக்ட் சாரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. குழாயைக் குனிந்து பார்த்துக்கொண்டே லாரிக்குப் பின்னால் மிதித்தவர், நேராக ஒரு இளநீர் வண்டியில் போய் முட்டினார். முழங்கையில் சிராய்ப்பு. இளநீர்க்காரர் ஓடி வந்து தூக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். அந்த இளநீர் வண்டியின் சக்கரத்தில் பெருக்கல் போட்டுவிட்டுத்தான் ரிஜெக்ட் சார் ஆட்டோவில் ஏறினார்.

கவிதா அன்று கத்தவில்லை. கத்தியிருந்தால் ரிஜெக்ட் சார் சமாளித்திருப்பார்.

"அப்பா, சைக்கிளை காயலான் கடைக்குப் போட்டுடலாம்."

"அத்த ஏம்மா போடணும்? அது பாஸ் ஆன வண்டி."

"வண்டி பாஸ்தான். ஓட்டுறவரைத்தான் செக் பண்ணணும்."

ரிஜெக்ட் சாருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆவடியிலிருந்து இதே போன்ற சைக்கிளில் மகாபலிபுரம் வரை மிதித்துப் போய், கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறி இறங்கியவர் தாம் என்று லிஃப்டில் மாட்டுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கவிதா அதையே பிடித்துக்கொண்டார். ஒரே நாள். காலையில் கிளம்பி மகாபலிபுரம் வரை மிதிக்க வேண்டும். மாலையில் கேட்டை மூடுவதற்குள் கலங்கரை விளக்கத்தின் மேலே நின்று ஒரு போட்டோ. திரும்பி மிதிக்க வேண்டாம், சைக்கிளை ஏற்றி வர குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றைக் கவிதாவே சொல்லி வைத்துவிடுவார். போட்டோ வந்தால் சைக்கிள் வீட்டில் இருக்கும். வராவிட்டால் காயலான் கடை.

"அண்ணா, நீங்க கூடப் போங்க. போட்டோவை நீங்கதான் எடுக்கணும்," என்று என்னைச் சாட்சியாகப் போட்டார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. அவரிடம் மறுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் கட்டடத்தில் யாரும் இல்லை.

அன்று மாலை ரிஜெக்ட் சார் பார்க்கிங்கில் சைக்கிள் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார். வழக்கமாக என் செருப்பைக்கூட விடாமல் பார்ப்பவர், அன்று என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சைக்கிள் இல்லேன்னா நான் இன்னா பண்ணுவேன் நைனா? ஊட்ல கீற பொருளையெல்லாம் பாத்து முடிச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கஷ்டமாகவும் இருந்தது. எப்படியாவது அந்த மனிதரை உச்சியில் ஏற்றிவிட வேண்டும் என்று அப்போது முடிவு செய்துகொண்டேன்.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். என் போனில் வானிலையைப் பார்த்தேன். நாள் முழுக்க வானம் தெளிவாக இருக்கும் என்றது. ரிஜெக்ட் சார் போனை வாங்கிப் படித்தார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். போனைத் திருப்பி அதன் முதுகில் பெருக்கல் போட்டுக் கையில் கொடுத்தார்.

பிறகு இன்ஸ்பெக்‌ஷன் நடந்தது. மணி, பிரேக், செயின், டயர், காற்றடிக்கும் பம்பு, தண்ணீர் பாட்டில், என் ஷூ லேஸ் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறி போட்டார். அவருடைய சைக்கிளுக்கு டிக். என்னுடையதற்குப் பெருக்கல். ரிஜெக்ட் ஆன சரக்கு எப்படிக் கிளம்புவது என்று கேட்டேன்.

"பாஸ் ஆன சரக்கு முன்னால போவும். ரிஜெக்ட் ஆன சரக்கு தனியா பின்னால வரும். ரெண்டும் கலக்கக் கூடாது. நீ பின்னாலயே வா."

அப்படியாக இருபத்தொரு கியர் கொண்ட என் சைக்கிள், கியரே இல்லாத அவர் சைக்கிளுக்குப் பின்னால், மாங்காடு தாண்டி குன்றத்தூர் வரை ஊர்ந்து போனது. இரண்டு நாய்கள் எங்களை நடந்தே துரத்தின.

குன்றத்தூர் தாண்டியதும் வழியில் ஒரு சின்ன அம்மன் கோயில். சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு உருக்கமாகக் கும்பிட்டார். எதற்காகக் கும்பிட்டார் என்பது எனக்குத் தெரியும். பூசாரி தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். சாப்பிட்டு முடித்துத் தொன்னையைத் திருப்பி, பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார்.

"சார், அது பிரசாதம்."

"நெய் கம்மியா கீது."

"அம்மன் கோவிச்சுக்கப் போறா சார்."

"அம்மனாண்ட எனக்கு தகராறே கெடையாது நைனா. சமையல்காரன் மேட்டரு இது. அத்த அம்மனும் ஒத்துக்கும்."

அம்மன் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவுட்டர் ரிங் ரோட்டின் சர்வீஸ் சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில், வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. ஒரு பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டோம். ஐந்து நிமிடத்தில் மழை நின்று பளீரென்று வெயில் வந்தது. நான் சைக்கிளில் ஏறினேன். அவர் ஏறவில்லை. பின் மட்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறி அழிஞ்சிச்சு."

"பரவாயில்ல சார், போகலாம்."

"குறி இல்லாத சரக்கு மேசைய தாண்டக் கூடாது."

"இங்க மேசை எங்க சார் இருக்கு?"

பாலத்தைக் காட்டினார். மறுபடி மணி, பிரேக், செயின், டயர், பம்பு, பாட்டில், ஷூ லேஸ். என் சைக்கிளுக்கு மறுபடி பெருக்கல். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. தொழிற்சாலையில் கோட்டை நன்றாகக் காயவைத்த பிறகுதான் குறி போடுவார்கள். ஐப்பசி மாதத்து வானம் யாரையும் காயவிடுவதில்லை.

வண்டலூரில் மழை. நின்றது. இன்ஸ்பெக்‌ஷன். கேளம்பாக்கம் சாலையில் கொளப்பாக்கம் அருகே வெயில், தாகம், முதுகெல்லாம் வேர்வை. கண்டிகையில் மறுபடி மழை. அங்கே ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். நான் புத்திசாலித்தனமாக என் மழைக்கோட்டை எடுத்து மாட்டினேன். நல்ல விலை கொடுத்து வாங்கியது, உள்ளே ஒரு சொட்டு இறங்காது என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தது.

ரிஜெக்ட் சாரின் கண்கள் மாறின. மழைக்கோட்டு. அவருடைய சொந்த ஜாதிப் பொருள்.

"கழட்டு."

"மழை பெய்யுது சார்."

"அதுக்குத்தான் கழட்ட சொல்றேன்."

டீக்கடைக்காரரிடம் ஒரு சணல் கயிறு வாங்கி, கோட்டின் கைகளை நுனியில் கட்டினார். கடையின் தகரக் கூரைக் கம்பியில் தொங்கவிட்டார். ஒரு குடம் தண்ணீர் கேட்டார். கடைக்காரர், "பெரியவரே, மழை சும்மாதான ஊத்திகினு கீது, கோட்ட வெளிய மாட்டுனா பத்தாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரிஜெக்ட் சார் அவர் டீ கிளாஸை ஒரு பார்வை பார்த்தார். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டார்.

தண்ணீர் ஊற்றியதும் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாஸோடு எழுந்து வந்து கோட்டைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் மெல்லத் தலை நிமிர்ந்தேன். அப்போது அக்குளுக்கு அடியில் தையல் வழியாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொரு சொட்டு. கூட்டம் உச்சுக் கொட்டியது. ரிஜெக்ட் சார் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ரிஜெக்ட் ஆன சரக்கு. கூட எடுத்துகினு வரலாம். போட்டுக்கக் கூடாது."

என் சைக்கிளும் ரிஜெக்ட்தானே, அதை மட்டும் ஓட்டலாமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் மீதித் தூரத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். கோட்டைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

"உங்க கோட்டு எங்க சார்? நீங்க ஏன் எதுவும் போடல?"

டீயை ஊதினார். "நான் பாஸ் பண்ண கோட்டு ஒண்ணு ஊட்ல கீது. போட்டதே இல்ல."

"ஏன்?"

"ஒழுகிட்ச்சுன்னா?"

எத்தனையோ ஆயிரம் சிப்பாய்கள் போட்டுக்கொண்ட கோட்டை அந்த மனிதர் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. மழை வந்தால் நனைந்துகொண்டே போவார். அன்று அவருடைய சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, சாக்பீஸை மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

கேளம்பாக்கம் வந்தபோது பகல் பாதி போயிருந்தது. கோவளம் போகும் பாதையில் உப்பளத்துக்கும் கழிமுகத்துக்கும் நடுவே மழை எங்களைப் பக்கவாட்டில் அடித்தது. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. பாலத்தின் மேலேயே இன்ஸ்பெக்‌ஷன் நடந்தது. வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நான் கெஞ்சினேன்.

"சார், இப்படி நின்னு நின்னு போனா கேட்டை மூடிடுவாங்க. சைக்கிள் போயிடும் சார்."

"தெரியும் நைனா."

"தெரிஞ்சும் ஏன் சார்?"

"பாக்காத சரக்க பாத்தேன்னு அனுப்பறதுக்கு, காயலான் கடைக்கே அனுப்பலாம்."

குரலில் கோபம் எதுவும் இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. ஆனால் அவர் ஷூ லேஸைப் பார்க்கக் குனிந்தபோது காலை நீட்டிவிட்டேன்.

கோவளம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பியதும் நல்ல காலம் வந்தது. காற்று முதுகில் தள்ளியது. மேகம் விலகி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் துண்டு துண்டாகத் தெரிந்தது. ரிஜெக்ட் சார் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். கியர் சைக்கிளில் வந்த நான் மூச்சு வாங்கிப் பின்தங்கினேன். பளபளப்பான ஹெல்மெட் போட்ட ஒரு சைக்கிள் கூட்டம் எங்களைத் தாண்டப் பார்த்தது. அவர் மணியடித்துக்கொண்டே அவர்களைக் கொஞ்ச தூரம் விடாமல் துரத்தினார். அதில் ஒரு பையனின் பின் டயரைப் பார்த்து, "ரிஜெக்ட்டு," என்று கத்தினார். அந்தப் பையன் பயந்துபோய் ஓரமாக நிறுத்தி டயரை அமுக்கிப் பார்த்தான். எனக்கே அவருக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

மகாபலிபுரத்துக்குள் நுழைந்தபோது வெயில் இருந்தது. பாறைக்குன்றின் மேல் கலங்கரை விளக்கம் நின்றது. கீழே கேட் திறந்திருந்தது. காக்கிச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"சீக்கிரம் வாங்க சார். இன்னும் கொஞ்ச நேரத்துல மூடணும். நீங்கதான் கடைசி."

நான் போனைத் துடைத்து, கேமராவைத் தயாராக எடுத்துவிட்டேன். ரிஜெக்ட் சார் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். கேட்டுக்கு ஒரு இருபது அடி தூரம் இருந்திருக்கும். அப்போது கடல் பக்கத்திலிருந்து ஒரு மழை வந்தது. சும்மா தலையை நனைத்துவிட்டுப் போகிற மழை. வந்த வேகத்தில் போய்விட்டது.

ரிஜெக்ட் சார் நின்றார். திரும்பினார்.

"சார், வேணாம் சார்," என்றேன்.

"அழிஞ்சிச்சு நைனா."

"சைக்கிள் மேலே ஏறப் போறதில்ல சார். நாம மட்டும்தான் ஏறப் போறோம். சைக்கிள் இங்கயேதான் நிக்கப் போகுது."

"நாம மேல பூட்டா கீழ குறி இல்லாத சரக்கு நிக்கும். அதுக்கு யாரு பொறுப்பு?"

காவல்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அண்ணே, ரெண்டு நிமிஷம்," என்றேன். மணி, பிரேக், செயின், டயர். அவர் நிதானமாகப் பார்த்தார். அவசரப்பட்டால் அவருக்குக் கை ஓடாது. நான் மனதுக்குள் மகாபலிபுரத்தில் இருக்கும் எல்லாச் சாமிகளையும் வேண்டினேன். பம்பு, பாட்டில். ஷூ லேஸுக்கு வந்தபோது பின்னால் கேட் மூடும் சத்தம் கேட்டது.

ஓடிப் போனேன். பெரியவர் காட்டுப்பாக்கத்திலிருந்து மிதித்து வந்திருக்கிறார், ஒரே ஒரு போட்டோ, காலில் விழுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். காவல்காரருக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான் சார். உங்களுக்குத் திறந்தா நாளைக்கு இன்னொருத்தருக்கும் திறக்கணும்."

பூட்டைப் போட்டார். போட்டதும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். நடந்து போய்த் திரும்பி வந்து, இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். ரிஜெக்ட் சார் அதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டருகே போனார். அடிக்கப் போகிறாரோ என்று நான் பயந்தேன். அவர் சாக்பீஸை எடுத்து, பூட்டின் மேல் சின்னதாக ஒரு டிக் போட்டார்.

"சோக்கா பாக்கறே வேலைய," என்றார் காவல்காரரிடம்.

அன்று அவர் சைக்கிளைத் தவிர வேறொன்றுக்குப் போட்ட ஒரே டிக் அதுதான். தன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திய மனிதருக்கு.

பக்கத்துப் பாறையில் ஏறி, பின்னால் வெறும் வானம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தால் கவிதாவுக்குத் தெரியவா போகிறது என்று கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையில், என் நெற்றியிலேயே பெருக்கல் விழுந்துவிட்டது போல் இருந்தது. பிறகு அவர் சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அப்போதுதான் புதிதாகப் போட்ட டிக்கை விரலால் துடைத்தார். அந்த இடத்தில், கேரியருக்குக் கீழே, பெருக்கல் குறி போட்டார். அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினார். நான் கடலைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். எனக்குத் தாங்கவில்லை.

குட்டியானை வந்தது. இரண்டு சைக்கிளையும் பின்னால் ஏற்றினோம். ரிஜெக்ட் சார் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தவர், வழியிலேயே கண் அசந்துவிட்டார். நான் பின்னால் சைக்கிள்களோடு உட்கார்ந்துகொண்டேன். வண்டலூர் நெருங்கும்போது வானம் மறுபடி இருட்டியது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்த்தார்.

"அண்ணாத்தே, தார்ப்பாய் கீது பாரு. சைக்கிள் மேல போத்திக்கோ. மழ சும்மா கொட்டப் போவுது."

தார்ப்பாய் பெரிதாகத்தான் இருந்தது. நான் அதை என் சைக்கிளுக்குப் போர்த்தினேன். மிச்சத்தை என் தலைக்குப் போர்த்தினேன். அப்படியும் மிச்சம் இருந்ததை மடித்து அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கறுப்பு சைக்கிளுக்குப் போதவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, இன்னும் நல்லாப் பெய்யட்டும் என்று ஒரு மழையைக் கேட்டேன். குன்றத்தூர் வரைக்கும் பெய்தது.

வீட்டு வாசலில் கவிதா காத்துக்கொண்டிருந்தார். வெறும் கையோடு இறங்கிய அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"போட்டோ?"

"இல்லம்மா. கேட்ட மூடிட்டாங்க. வண்டில குறி போட்டுட்டேன். பாத்துக்கோ."

கவிதா போனின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு சைக்கிளுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். நானும் குனிந்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் மழைக்கு முழுசாக அழியவில்லை. பெருக்கல் குறியின் ஒரு கால் மங்கலாக மிச்சம் இருந்தது.

கவிதா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு துப்பட்டா நுனியால் அந்தக் காலை அழுத்தித் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பா, இதுல குறி எதுவும் இல்லையே."

ரிஜெக்ட் சார் வந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

"குறி இல்லேன்னா என்ன செய்யணும்?"

அவர் மட்கார்டிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். "மறுபடியும் மொதல்லேர்ந்து பாக்கணும்."

"அப்ப அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வெச்சுக்கோங்க. அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும். மேல வாங்க, தலை துவட்டணும்," என்று சொல்லிவிட்டு கவிதா லிஃப்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் எத்தனை முறை மகாபலிபுரம் போனோம் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு முறை கேளம்பாக்கத்தில் பஞ்சர். ஒரு முறை விடுமுறை என்று பலகை தொங்கியது. ஒரு முறை ரொம்ப முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டோம், ஆனால் வாசலில் விற்ற சுண்டலை அவர் இன்ஸ்பெக்ட் செய்யப் போய், விற்ற அம்மாவோடு தகராறாகி, சமாதானம் ஆவதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள். கவிதா ஒவ்வொரு முறையும் குறி இல்லை என்று சொல்லிவிடுவார். மழையே இல்லாத சித்திரை மாதத்தில்கூடக் குறி இல்லை. மேலே ஏறியதில்லை என்பதைத் தவிர அந்தக் கலங்கரை விளக்கத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும்.

போன வருடம் கவிதாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. சாமான் ஏற்றிய லாரி கிளம்பவே பொழுது சாய்ந்துவிட்டது. கயிறு ஒவ்வொன்றையும் ரிஜெக்ட் சார் இழுத்துப் பார்த்துப் பெருக்கல் போட்டதில், கூலியாட்கள் மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார்கள். சைக்கிளை எல்லாவற்றுக்கும் மேலே படுக்கவைத்துக் கட்டினார்கள். அவர் போன பிறகு லிஃப்ட் கதவில் பழைய பெருக்கல் குறி கொஞ்ச நாள் இருந்தது. யாரோ துடைத்துவிட்டார்கள். இந்தக் கட்டடம் அதன் பிறகு எனக்குப் பிடிக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் மகாபலிபுரத்துக்கு மிதித்தேன். முன்னால் யாரும் இல்லாததால் கியரெல்லாம் போட்டு, வெயில் ஏறுவதற்குள் போய்விட்டேன். கேட் திறந்திருந்தது. கூட்டமே இல்லை. அதே காவல்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "பெரியவர் வரலையா?" என்று கேட்டார். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறச் சொன்னார். அங்கேயே நின்று கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.

"எங்க கீற நைனா?"

"லைட் ஹவுஸ் வாசல்ல சார்."

"கேட் தொறந்து கீதா?"

"திறந்திருக்கு சார்."

"அப்ப ஏறு. இன்னாத்துக்கு நின்னுகினு கீற?"

"ஏற முடியாது சார். இப்பத்தான் ஒரு மழை வந்துட்டுப் போச்சு. குறி அழிஞ்சிடுச்சு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய மேசைக்குப் பின்னாலிருந்து பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"அப்ப ஏறக் கூடாது. கேட்டுக்கு வெளியவே நில்லு. நான் வந்து பாத்துட்டு சொல்றேன்."

"சரி சார்," என்று போனை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.